சந்திக்கப் போகும்போது என்ன கொண்டுபோவது?

கேள்வி: ஐயா, எனக்கு 23 வயது. சொந்த ஊர் காரைநகர். யாழ்ப்பாணத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். அம்மப்பாவின் சின்ன வள்ளத்தில் பாய் விரித்து ஓடப் பழகி ஒரு வருடம் ஆகிறது. என்னைப் பழக வைத்தது ஒரு செய்திதான். 2024 ஒக்டோபரில் ‘தாரிணி’ என்ற பாய்ப்படகில் இரண்டு பெண்கள் கோவாவிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். அதில் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. அந்தப் பெயரை வாசித்த நாளிலிருந்து அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தேடித் தேடிப் பார்த்தேன். தென்னமெரிக்காவின் தெற்கு முனையான கேப் ஹோர்னைச் சுற்றிய செய்தி வந்த கிழமைதான் அம்மப்பாவிடம் போய் “எனக்கும் பாய் காட்டித் தாங்கோ” என்று கேட்டேன். இப்போது ரூபாவை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று கிடக்கிறது. நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். அம்மா “அவ எங்க, நீ எங்க” என்கிறா. எங்கள் வலைகளை இந்திய இழுவைப் படகுகள் அறுத்த நாளிலிருந்து அப்பாவுக்கு அந்தக் கரையின் பெயரே பிடிக்காது. நல்ல காற்றுக்கு வள்ளத்திலேயே கோடியக்கரைக்கு ஓடிவிடலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன். எழுவைதீவிலிருந்து திரும்பும்போது பாய் திடீரென்று மற்றப் பக்கம் அடித்து, அம்மப்பா இல்லாவிட்டால் கவிழ்ந்திருப்பேன்; அதற்குப் பிறகும் கடலை விடவில்லை. ரூபாவைச் சந்திக்க வழி இருக்கிறதா? சந்தித்தால் என்ன கதைப்பது? நான் நினைத்த மாதிரி அவர் இல்லாவிட்டால்?

பதில்:

பிள்ளை, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். 38 வருடம் வணிகக் கப்பல்களில் ஓடி, இப்போது வல்வெட்டித்துறைக் கரையில் பிள்ளைகளுக்குக் கயிறும் காற்றும் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்தது பெரிய சந்தோஷம். அவரைச் சந்திக்க வழி இருக்கிறது. நாளெடுக்கும். ஆனால் நீங்கள் கிழித்த நான்கு கடிதமும் ஏன் சரிவரவில்லை என்பது எனக்கு விளங்குகிறது.

அதற்கு முன்னர் கோடியக்கரை விஷயத்தை முடித்துவிடுகிறேன். அந்த யோசனையை இன்றோடு விடுங்கள். காங்கேசன்துறையிலிருந்து கோடியக்கரை சுமார் 30 கடல்மைல்தான். எங்கள் பாட்டன்மார் வெற்றிலை போட்டு முடிக்கும் தூரம் என்பார்கள். அது அவர்களுடைய காலம். 1974 ஒப்பந்தத்தோடு பாக்கு நீரிணையில் கடல் எல்லை வகுத்தாயிற்று. அனுமதியில்லாமல் அதைத் தாண்டினால் உங்களை அந்தக் கரையில் வரவேற்பது கடற்படைப் படகும் நீதிமன்றமும்தான். அம்மப்பாவின் வள்ளம் திரும்பி வராது. நீங்கள் சந்திக்க விரும்புபவரும் ஒரு கடற்படை அதிகாரி; அவர் முன்னால் அப்படிப் போய் நிற்க உங்களுக்கே மனம் வராது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மாரியில் நிற்கும், புறப்படும் நாளை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். கடவுச்சீட்டும் விசாவும் எடுத்துக்கொண்டு அதில் போங்கள். அந்தக் கடலைத் தளத்தில் நின்று பார்த்துக்கொண்டே போகலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அம்மா சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. “அவ எங்க, நீ எங்க” என்றால், நடுவில் ஒன்றும் இல்லாத மாதிரி. உண்மையில் நடுவில் ஒரு ஆள்வரிசையே நிற்கிறது. 1968 இல் றொபின் நொக்ஸ் ஜோன்ஸ்ரன் என்ற ஆங்கில மாலுமி ‘சுஹைலி’ என்ற 32 அடிப் படகில் தனியாக, எங்கும் கரை தொடாமல் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அது ஒரு போட்டி; ஒன்பது பேர் கிளம்பினார்கள். 312 நாள் கழித்து 1969 ஏப்ரலில் முடித்துத் திரும்பியவர் அவர் ஒருவர்தான். அந்தப் படகு கட்டப்பட்டது பம்பாயில். இது நடந்து ஏறத்தாழ 40 வருடத்துக்குப் பிறகு, தனியாக உலகைச் சுற்றும் முதல் இந்தியனாகத் தயாராகிக்கொண்டிருந்தார் டிலிப் டொண்டே. அவர் நொக்ஸ் ஜோன்ஸ்ரனை எப்படிச் சந்தித்தார் தெரியுமா? 2006 இல் நொக்ஸ் ஜோன்ஸ்ரன் தன் 67 ஆவது வயதில் இன்னொரு உலகப் போட்டிக்குப் படகை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தபோது, அந்தக் கரைவேலை ஆட்களோடு ஒருவராகப் போய்ச் சேர்ந்து வேலை செய்தார். 2009 இல் டொண்டே ‘மாதேயி’ படகில் புறப்பட்டு அடுத்த வருடம் திரும்பியபோது, அவருக்குக் கரையிலிருந்து உதவி செய்த அணியில் இருந்தவர் அபிலாஷ் டொமி. அதே மாதேயியை எடுத்துக்கொண்டு 2012 நவம்பரில் டொமி போனார். எங்கும் நிற்காமல் சுற்றி வந்தார். 2017 இல் ஆறு பெண்கள் தாரிணியில் உலகைச் சுற்றப் போனபோது அவர்களைப் பழக்கியவர் டொண்டே. உங்கள் ரூபாவையும் அவரோடு போன கோழிக்கோட்டு டில்னாவையும் பழக்கியவர் டொமி.

இந்த வரிசையில் ஒருவரும் மற்றவரை மேடையில் மாலை போட்டுச் சந்திக்கவில்லை. ஒருவர் கயிறு இழுத்த இடத்தில் மற்றவர் கயிறு இழுத்துச் சந்தித்திருக்கிறார்கள். நீங்களும் அந்த வரிசையின் கடைசியில், ஒரு சின்ன வள்ளத்தோடு ஏற்கெனவே நிற்கிறீர்கள். அதை நீங்கள் இன்னும் நம்பவில்லை. கிழித்த கடிதங்கள் எல்லாம் ஒரு ரசிகை எழுதியவை என்று நினைக்கிறேன். படகோட்டி எழுதிய கடிதம் இன்னும் எழுதப்படவில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1966 இல் எனக்கு 14 வயது. எங்கள் ஊரில் ஒரு வயதான தண்டையல், அதாவது பாய்க்கப்பல் தலைவர், இருந்தார். 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போன ‘அன்னபூரணி’ இந்த ஊரில் கட்டிய கப்பல், 89 அடி. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கிப் பெயரை மாற்றினார், அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோனவர்களில் எங்கள் ஊர் மாலுமிகள் இருந்தார்கள். நான் சொல்லும் தண்டையல் அந்தக் கப்பலில் போனவர் அல்லர். அதில் போனவர்களோடு ஒன்றாகக் கடலோடியவர், அக்கியாப், மௌல்மீன், இரங்கூன் என்று அரிசிக்கு ஓடியவர். அவரைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும் என்று ஒரு வருடமாக எனக்கு நித்திரை இல்லை. ஒருநாள் துணிந்து போனேன்.

பூவரச நிழலில் குந்தியிருந்து கயிறு பொருத்திக்கொண்டிருந்தார். பெருவிரல் மொத்தத் தும்புக்கயிறு. இரண்டு முனையிலும் புரிகளைப் பிரித்து, கூரான ஒரு மரமுளையால் இடைவெளி திறந்து, ஒரு புரியை மற்றதன் வயிற்றுக்குள் செருகுவார், முளையை எடுப்பார், புறங்கையால் தட்டி உருட்டுவார். நான் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு ஒரு முனையை என் கையில் தந்தார். பிடித்துக்கொண்டு நின்றேன். அவரிடம் சொல்ல வைத்திருந்த புகழ்ச்சி எல்லாம் தொண்டையில் நின்றது. அரைமணி நேரம் போயிருக்கும். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “தம்பி, காத்து எங்கால?”

எனக்குத் தெரியவில்லை. அரைமணி நேரம் கடற்கரையில் நின்றிருக்கிறேன், காற்று எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் போனதும் நானாகவே “கொண்டல்” (கிழக்குக் காற்று) என்றேன். “அது காலமை. இப்ப?” என்றார். மூன்றாம் நாள்தான் அவர் என்னோடு கதைக்கத் தொடங்கினார்.

அதனால்தான் கேட்கிறேன்: ரூபா உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால் உங்களிடம் என்ன இருக்கிறது? நான் சொல்லட்டுமா, நிறைய இருக்கிறது. கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போன அந்த எழுவைதீவுப் பயணம்தான் உங்களுடைய சொத்து.

அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். காரைநகரிலிருந்து எழுவைதீவுக்குப் போகும்போது அது உங்கள் முகத்தில். வளைந்து வளைந்து, இரண்டு பக்கமும் மாறி மாறி வெட்டித்தான் போயிருப்பீர்கள். அடி தட்டையான வள்ளம் பக்கவாட்டில் வேறு தள்ளுப்பட்டிருக்கும். கைநோகப் போய்ச் சேர்ந்தீர்கள். திரும்பும்போது காற்று முதுகில். சத்தம் குறையும், தண்ணீர் மெதுவாகப் போவது மாதிரி இருக்கும், காரைநகர்க் கோவளம் வெளிச்சவீடு நேரே தெரியும், உடம்பு தளரும். விபத்து வருவது இந்த நேரத்தில்தான். பாய் ஒரு பக்கம் முழுக்க விரிந்து நிற்கிறது. பின்னால் வந்த அலை கடைப்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பியிருக்கும், அல்லது சுக்கான் பிடித்த கை ஒரு விரற்கடை அசைந்திருக்கும். காற்று பாயின் பின்விளிம்புக்கு மறுபக்கத்தால் புகுந்து, பாய் கட்டிய பருமல் மரத்தையும் பாயையும் ஒரே வீச்சில் மற்றப் பக்கம் எறிந்துவிடும். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு உங்கள் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியிருக்குமே? அந்தத் தழும்பு இன்னும் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனிமேல் முதுகுக் காற்றுக்கு நேராக ஓடாதீர்கள். காற்று முதுகின் ஒரு மூலையில் படும்படி கொஞ்சம் சரித்து ஓடி, பிறகு நீங்களாகவே, தாமானை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு பாயை மாற்றுங்கள். பாயின் பின்விளிம்பு துடிக்கத் தொடங்கினால் அது எச்சரிக்கை. பெரிய பாய்ப்படகுகளில் பாயின் அடிமரத்தை முன்பக்கம் இழுத்து ஒரு தடுப்புக் கயிறு கட்டிவிடுவார்கள். உங்கள் வள்ளத்துக்கு அது வேண்டாம், கவனம் போதும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருநாளும் போக வேண்டாம், அம்மப்பா சிரித்தாலும் பரவாயில்லை.

இப்போது தாரிணியை நினைத்துப் பாருங்கள். 56 அடிப் படகு, இரண்டே இரண்டு பேர். அவுஸ்திரேலியாவின் பிறீமாண்டிலிலிருந்து நியூசிலாந்தின் லிற்றெல்ரன், அங்கிருந்து கேப் ஹோர்ன் சுற்றி போக்லாந்துத் தீவின் போர்ட் ஸ்ரான்லி. தென்சமுத்திரத்தில் காற்று மேற்கிலிருந்து, இவர்கள் போவது கிழக்கே. கிழமைக்கணக்காக, சில நேரம் 50 நொட் (மணிக்கு 50 கடல்மைல்) வேகத்தில், காற்றும் அலையும் முதுகில்தான். கோவளத்துக்கு வெளியே ஒரு பின்னேரம் உங்களுக்கு நடந்தது அவர்களுக்கு இரவும் பகலும் நடக்கக் காத்திருந்தது. ஒருவர் தூங்கும்போது மற்றவர் ஒற்றையாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஆகவே ஐந்தாவது கடிதத்தை இப்படி எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ‘தெய்வம்’, ‘உயிர்’, ‘என் வாழ்க்கையே நீங்கள்தான்’ எல்லாம் வேண்டாம். அவற்றைப் படித்தால் அவருக்குப் பதிலாக நன்றி மட்டும்தான் சொல்ல முடியும். நீங்கள் யார், எந்தத் தண்ணீரில், எந்தப் படகில் ஓடுகிறீர்கள் என்று நான்கு வரி. அவருடைய பயணச் செய்தி பார்த்துத்தான் பாய் பிடித்தேன் என்று ஒரு வரி. ஒளிக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பிறகு பாய் மாறியடித்த கதை, நடந்தபடி. கடைசியில் ஒரு கேள்வி. நானாக இருந்தால் இதைக் கேட்பேன்: “இருட்டில் பாய் கண்ணுக்குத் தெரியாதபோது, அது மாறப்போகிறது என்பதை உங்கள் உடம்பில் எந்த இடம் முதலில் சொல்லும்?” அவரிடம் ஆயிரம் பேர் “பயமாக இருக்கவில்லையா” என்று கேட்டிருப்பார்கள். இதைக் கேட்கக் கடலில் ஓடிய ஆள்தான் வேண்டும். இதை வாசித்தால் அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசிப்பார் என்று நம்புகிறேன்.

சந்திக்க வேண்டும் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதுங்கள். எங்கே, எப்போது என்று அவரை நெருக்க வேண்டாம். பொதுக்கூட்டமோ, மாணவர் சந்திப்போ எங்காவது நடந்தால் தெரிவித்தால் வருவேன், இவ்வளவும் போதும். அவர் சேவையிலிருக்கும் அதிகாரி. அயல்நாட்டு ஆளைச் சந்திக்க அவர் தன் விருப்பப்படி ஓம் சொல்லிவிட முடியாது, மேலிடத்தில் கேட்க வேண்டும். அதனால் அவருடைய வீட்டு விலாசத்தையோ தனிப்பட்ட கணக்கையோ தேடிப் போகாதீர்கள். தாரிணி போன்ற படகுகளைப் பராமரித்து ஆட்களைப் பழக்கும் பிரிவு கோவாவில் ஐ.என்.எஸ். மாண்டவி தளத்தில் இருக்கிறது. அந்த முகவரிக்கு அவருடைய பெயரிட்டு ஒரு கடிதம். பிரதியை யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் நேரே கொண்டுபோய்க் கொடுத்து, அனுப்பிவிடும்படி கேளுங்கள். முறையான வழி மெதுவான வழிதான். மூன்று மாதம் பதில் இல்லாவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் இல்லாவிட்டால் அவரை அமைதியாக விட்டுவிடுங்கள். அது உங்களைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. அதிகாரிகளுக்கு இடமாற்றம் வரும், கடிதம் ஒரு மேசையில் தூங்கும்.

நினைத்த மாதிரி அவர் இல்லாவிட்டால் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுவும் நடந்தது. இளம் அதிகாரியாக இருந்தபோது ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில், சிறுவயதில் பெயர் கேட்டு வளர்ந்த ஒரு பாய்க்கப்பலோட்டியைக் கண்டேன். ஓடிப்போய் வணக்கம் சொன்னேன். முகம் கொடுக்கவில்லை. பாணை நின்ற நிலையிலேயே கடித்துக்கொண்டு என் தோளுக்கு மேலால் கடலைப் பார்த்தார். எனக்கு ஆறவில்லை. வருடக்கணக்காக அந்த மனிதரைப் பெருமைபிடித்தவர் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். பிறகு நானே 40 நாள் கரை காணாமல் வந்து இறங்கிய ஒரு காலையில், வரவேற்க வந்த சொந்தத் தம்பியோடுகூட எனக்குப் பேச்சு வரவில்லை. நிலம் ஆடியது, ஆட்களின் சத்தம் தலைக்குள் குத்தியது. அப்போதுதான் நினைவு வந்தது: அந்த மனிதரும் அன்று விடியத்தான் கரை தட்டியிருந்தார். அவர் மீது நான் சுமத்திய பழியை அந்தத் துறைமுகத்திலேயே இறக்கி வைத்தேன். ரூபாவைச் சந்திக்கும் நாளில் அவர் களைத்திருக்கலாம், பேச்சுக் குறைவாக இருக்கலாம், உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் தரலாம். கேப் ஹோர்னைச் சுற்றியது அவர்தான் என்பதை அந்த ஐந்து நிமிடம் மாற்றிவிடாது.

அப்பாவின் கோபம் நியாயமான கோபம். இழுவைமடி கடலின் அடியையே வாரிக்கொண்டு போகிறது. 2017 இல் எங்கள் நாடு அந்தத் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்ததும் அதற்காகத்தான். வலை போன வீட்டில் “அந்தக் கரை ஆள்” என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவரோடு வாதாட வேண்டாம். கடிதத்தில் ‘நான் ஒரு மீனவரின் மகள்’ என்று எழுதுங்கள், அதை மறைத்தால் நீங்கள் பாதி ஆளாகத்தான் போவீர்கள். ஆனால் வலைக் கணக்கை முதல் சந்திப்பில் அவர் முன்னால் வைக்காதீர்கள். அதைத் தீர்க்கும் கதிரையில் அவர் இல்லை. கடிதம் எழுதி முடித்ததும் அனுப்ப முன்னர் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பாய் மாறியடித்த இடம் வரும்போது அவருடைய முகத்தைப் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் நடந்த விஷயமாக இருந்தால் ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

ஒரு சின்ன வேலையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். கடலுக்குப் போய்வரும் ஒவ்வொரு நாளும்: காற்று எங்கால, எவ்வளவு பலம், நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே தரை தட்டியது, என்ன பிழை விட்டீர்கள். அழகாக எழுத வேண்டாம், அன்றைக்கே எழுத வேண்டும். காசும் லீவும் கிடைத்தால் பொல்கொட ஏரியில் சின்னப் பாய்ப்படகுகளில் ஒழுங்காகப் பழகலாம்; அங்கே படிக்கும் விதிகளையும் கொப்பியில் ஏற்றுங்கள். பூ, பழம், சேலை என்று எதுவும் கொண்டுபோக வேண்டாம், அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். கையெழுத்து வேண்டுமென்றால் அதில், எழுவைதீவு நாளை எழுதிய பக்கத்தின் ஓரத்தில் வாங்குங்கள்.

சோளகம் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அதற்குள் ஐந்தாவது கடிதத்தை எழுதி, கிழிக்காமல் முதலில் எனக்கு அனுப்புங்கள். எழுவைதீவிலிருந்து திரும்பிய அன்று அம்மப்பா எதை முதலில் பிடித்தார் என்பதையும் அவரிடம் கேட்டு எழுதுங்கள். தாமானா, சுக்கானா என்று எனக்கும் தெரிய வேண்டும்.